சரிசெய்யப்பட்டது

ஜனவரி 6, திங்கள்

மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றி வைத்துவிட்டு ஏழு மணிக்கே பணிமனைக்குப் போனேன். எங்கள் கிளைப் பாதை முழுவதும் மின்கம்பி இழுத்தாகிவிட்டது. மார்ச் கடைசியில் மின்சார ரயில் ஓடும் என்கிறார்கள். அதோடு எங்களிடம் இருக்கும் மூன்று டீசல் வண்டிகளும் வெளியே போய்விடும். உதிரிப் பொருள் கேட்டு எழுதினால் மேலிடத்திலிருந்து ஒரே பதில்தான் வருகிறது: போகிற வண்டிக்கு எதற்கு?

மின்சார ரயில் பயிற்சிக்குப் போகிறவர்களின் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. எம். ஆவுடைத்தங்கம், இளநிலைப் பொறியாளர். அச்சில் பார்க்க நன்றாக இருந்தது. என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவர் அதைப் படம் பிடித்துத் தன் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

பழுதுப் பதிவேட்டில் ஏழு புகார்கள். இரண்டாம் நம்பர் வண்டியைப் பற்றி ஓட்டுநர் தவசிமுத்து அண்ணாச்சி எழுதியிருந்தார்: ‘ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வீங்கியுள்ளது. தண்ணீர் சொட்டுகிறது.’ டெக்னீஷியன் சவரிமுத்து பார்த்துவிட்டு, குழாயை மாற்றத்தான் வேண்டும் என்றார். மாற்றுவதென்றால் இன்ஜின் தண்ணீர் முழுவதையும் வடிக்க வேண்டும். நான்கு மணி நேர வேலை. காலை வண்டி ரத்தாகும். ஸ்டோரில் இருப்பதும் ஒரே ஒரு குழாய். குழாயைப் பிடித்திருக்கும் வளையத்தை இறுக்கிவிடச் சொன்னேன்.

ஏழுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பயிற்சிக்கான விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

ஜனவரி 8, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. இரண்டாம் நம்பர் வண்டிக்கு அதே புகார். கையெழுத்திட்டேன்.

ஜனவரி 11, சனி

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். சாமான்களெல்லாம் நடுக்கூடத்தில் குவிந்து கிடக்கின்றன. மகளுக்குப் பொங்கல் உடுப்பு தைத்து வந்துவிட்டது. கை கொஞ்சம் நீளம்.

தவசிமுத்து அண்ணாச்சி நேரில் வந்து குழாயைப் பற்றிக் கேட்டார். பதில் சொல்லி அனுப்பினேன். இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டியவர். சின்னச் சத்தத்தையும் எழுதிவைப்பார். எல்லாரும் அவரைப் போல எழுத ஆரம்பித்தால் ஒரு வண்டியும் பணிமனையை விட்டு வெளியே போகாது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நன்றாகப் பொங்கியது.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல் கூட்டம். இரண்டாம் நம்பர் வண்டியில் நிற்க இடமில்லாமல் ஆட்கள் போயிருக்கிறார்கள். காலை பத்து இருபதுக்கு, ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் இன்ஜின் சூட்டு விளக்கு எரிந்திருக்கிறது. பாலத்தின் மேல் நிறுத்தினால் குழந்தை குட்டிகளோடு இருக்கிறவர்கள் இறங்கிவிடுவார்கள் என்று அண்ணாச்சி இன்னும் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, அடுத்த ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். பிறகு இன்ஜின் அறைக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். அப்போது குழாய் வெடித்து, கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடித்துவிட்டது. வலது கண், கன்னம், கழுத்து.

பயணிகளில் யாருக்கும் ஒன்றும் இல்லை.

ஒன்றரை மணிக்கு நானும் சவரிமுத்துவும் அங்கே போய்ச் சேர்ந்தோம். அண்ணாச்சியை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். இன்ஜின் அறையின் கதவோரத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி உடையாமல் கிடந்தது. எடுத்துத் துடைத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

புதுக் குழாய் போட்டு வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுவந்தோம். விசாரணைக் குழு வரப்போகிறது என்பதால் பணிமனையைச் சுத்தம் செய்யச் சொன்னேன். பழைய ரப்பர், கிழிந்த பெல்ட், குப்பை எல்லாம் லாரியில் போயிற்று. ஸ்டோர் சீட்டுகளையும் ஒழுங்குபடுத்தினேன். சவரிமுத்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தலைவலி.

ஜனவரி 19, ஞாயிறு

அலமாரியைத் துடைத்தேன். சுவரில் வெள்ளை அங்கங்கே திட்டாகத் தெரிகிறது. இரண்டாவது பூச்சு அடித்திருக்க வேண்டும்.

ஜனவரி 22, புதன்

விசாரணைக் குழுவில் மூன்று பேர். ஒருவருக்கு இயந்திரம் பழக்கமில்லை. “இன்ஜின் சக்கரத்தைச் சுத்துது, அவ்வளவுதானம்மா?” என்று கேட்டார். அப்படி இல்லை என்று விளக்கினேன்.

ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருக்கும் டீசல் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை. இன்ஜின் சுற்றுவது ஒரு ஜெனரேட்டரை. அதில் வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றி, அச்சுகளில் பொருத்தியிருக்கும் மோட்டார்களுக்கு அனுப்புகிறோம். வண்டியை இழுப்பது அந்த மோட்டார்கள்தான். ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பும்போது, எவ்வளவு மின்சாரம் வேண்டும், அதற்கு எவ்வளவு டீசல் எரிய வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்யும். ஒரு மின் நிலையத்தையே சுமந்துகொண்டு ஓடுகிற வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். எரிகிற டீசலில் பெரும் பங்கு வெறும் சூடாகத்தான் போகும். அந்தச் சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போக வேண்டும். தண்ணீர் போகும் வழியில்தான் இந்த ரப்பர் குழாய்.

அவர் சந்தோஷப்பட்டார். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்றார்.

பிறகு பதிவேட்டைப் பார்த்தார்கள். குழாயைப் பற்றி இரண்டு புகார்கள், இரண்டின் எதிரிலும் ‘சரிசெய்யப்பட்டது’. ஜனவரி ஒன்பதாம் தேதி புதுக் குழாய் கொடுத்ததற்கான ஸ்டோர் சீட்டும் இருந்தது. வெடித்த குழாய் எங்கே என்று கேட்டார்கள். சுத்தம் செய்தபோது போய்விட்டது என்று சொன்னேன். அவர்களில் பெரியவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

புதுக் குழாய் ஏழு நாளில் வெடிக்குமா என்று மூன்றாமவர் கேட்டார். சூட்டு விளக்கு எரிந்த பிறகும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் அழுத்தம் ஏறும், எந்தக் குழாயும் தாங்காது என்றேன்.

அது பொய்யில்லை. இயந்திரத்தைப் பற்றி நான் சொன்ன எதுவும் பொய்யில்லை.

ஜனவரி 29, புதன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸும். அண்ணாச்சி கட்டுப் போட்ட முகத்தோடு எழுந்து உட்காரப் பார்த்தார். அவர் மனைவி பூமயில் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பணிமனையிலிருந்து வந்த முதல் ஆள் நான்தானாம்.

பூமயில் அவரைக் கடிந்துகொண்டே இருந்தார். அவசரப்பட்டு உள்ளே போனது அவர் தப்பு, சூடு ஆறட்டும் என்று காத்திருந்திருக்கலாம் என்றார். அண்ணாச்சி அதை மறுக்கவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்:

“குழாய்ப் பக்கம் நான் குனிஞ்சிருக்கவே மாட்டேன் மேடம். பழைய குழாய்னா தூரத்துலயே நின்னுருப்பேன். நீங்க மாத்தியாச்சுன்னு சொன்னியள்லா, அதான் கோளாறு வேற எங்கயோன்னு நெனச்சி அதுக்கு மேல குனிஞ்சி பம்பைப் பார்த்தேன்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொன்னார், பதிவேட்டில் எழுதுவது போலவே.

பேருந்தில் திரும்பினேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

பயிற்சிக்கு வந்துவிட்டேன். விடுதி அறையில் வெந்நீர் வருகிறது. மகள் போனில் அழுதாள். இவர் ரசம் வைத்தாராம்; குடிக்க முடிந்ததாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

புது வண்டியில் இன்ஜின் அறை என்று ஒன்று இல்லை. மேலே கம்பியிலிருந்து இருபத்தையாயிரம் வோல்ட் வருகிறது. டிரான்ஸ்பார்மர் குறைத்துக் கொடுக்கிறது. மிச்சமெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான்: மோட்டார், அச்சு, சக்கரம். பிரேக் போடும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. எங்கள் டீசல் வண்டியில் அந்தச் சக்தி முழுவதும் வீணாகப் போகும். புகை இல்லை, சத்தம் குறைவு, சீக்கிரம் வேகம் எடுக்கிறது. இதைப் பார்த்த பிறகு டீசல் வண்டி போகிறதே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

கம்பி இழுக்க முடியாத பாதைகளுக்கு என்ன செய்வார்கள் என்று மதியம் பாடம் நடந்தது. டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பேட்டரி அடுக்கலாம். ஸ்டேஷனில் நிற்கும்போது ஏற்றிக்கொள்ளலாம். தூரம் அதிகமென்றால் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலங்கள். கீழே அதே மோட்டார்களே ஓடலாம்.

அப்படியானால் கொதிக்கும் தண்ணீர் வேலை இனி இல்லையா என்று கேட்டேன். பாடம் எடுத்தவர் இளவயதுக்காரர். பேட்டரியும் சூடாகும், ஹைட்ரஜன் கலமும் சூடாகும், அவற்றுக்கும் குளிர்விக்கும் நீர் உண்டு, குழாய் உண்டு என்றார். அதையும் ஒருவர் தினம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

தேர்வில் முதலிடம். கைதட்டினார்கள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

விசாரணை முடிவு வந்துவிட்டது. எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் வண்டியை ஓட்டியது, இன்ஜின் ஆறுமுன் உள்ளே போனது: இரண்டும் ஓட்டுநரின் தவறு. பராமரிப்பில் குறையில்லை. பராமரிப்புப் பதிவுகள் முறையாக இருந்ததாக ஒரு வரி பாராட்டு வேறு.

அந்தத் தாளை இவர் வாசித்துவிட்டு, “நல்லவேளை” என்றார். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாதி சொத்தை.

மார்ச் 3, திங்கள்

அண்ணாச்சிக்கு வலது கண்ணில் பார்வை திரும்பாது என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. ரயில் ஓட்ட முதல் தரப் பார்வை வேண்டும். அவரைப் பார்சல் அலுவலகத்தில் போட்டிருக்கிறார்கள். தண்டனையும் தனியாக உண்டு.

மதியம் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. போகவில்லை, வேறொருவரை அனுப்பினேன்.

மார்ச் 8, சனி

இரண்டாம் பயிற்சிப் பட்டியலில் சவரிமுத்துவின் பெயரைச் சேர்த்து அனுப்பியிருந்தேன். இன்று காலை அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“எம் பேரை எடுத்துருங்க மேடம்.”

ஏன் என்று கேட்டேன். மின்சாரம் படிக்காவிட்டால் அவரை எங்கோ தூரத்துப் பணிமனைக்குத் தூக்கிப் போடுவார்கள். அது அவருக்கும் தெரியும்.

“இதை எதுக்குத் தாரியன்னு எனக்குத் தெரியும்லா. அன்னைக்கு நான் வாயைத் திறக்கல. அதுக்கே எனக்குச் சோறு எறங்கல. இதையும் வாங்கிட்டம்னா அப்புறம் எப்பவும் திறக்க முடியாது.”

அவருக்குத் தகுதி இருப்பதால்தான் சேர்த்தேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்குத் தகுதி இருக்கிறதுதான். அதற்காகத்தான் சேர்த்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 10, திங்கள்

மகளுக்குக் காய்ச்சல். விடுப்பு.

மார்ச் 15, சனி

இந்த நோட்டிலும் நான் உண்மை எழுதவில்லை. ஒருவரும் பார்க்காத நோட்டு இது. இதில் யாரை ஏமாற்றினேன்?

ஜனவரி ஆறாம் தேதி குழாயை நானே தொட்டுப் பார்த்தேன். பஞ்சு போல மெத்தென்று இருந்தது. விரலை அழுத்தியதும் வெடிப்புகளுக்குள் நூல் தெரிந்தது. மாற்ற வேண்டும் என்று அப்போதே தெரியும். காலை வண்டி ரத்தானால் என் பெயரில் ஒரு கேள்வி வரும். பயிற்சிப் பட்டியல் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அது வேண்டாம் என்று நினைத்தேன். இன்னும் மூன்று மாதம்தானே, தாங்கும் என்று சவரிமுத்துவிடம் சொன்னேன். இறுக்கியது வளையத்தை மட்டும். எட்டாம் தேதி அதையும் செய்யவில்லை. பதிவேட்டில் மட்டும் எழுதினேன்.

பதினொன்றாம் தேதி அண்ணாச்சி வந்து, மாற்றினீர்களா என்று நேராகக் கேட்டார். “மாத்தியாச்சு அண்ணாச்சி” என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பதினேழாம் தேதி ஸ்டோரிலிருந்த குழாயை எடுத்துப் போட்டோம். அதை ஒன்பதாம் தேதியே எடுத்ததாகச் சீட்டு எழுதினேன். வெடித்த குழாயைச் சாக்கில் சுற்றி லாரியில் நானே ஏற்றினேன். சுத்தம் செய்யச் சொன்னதே அதற்காகத்தான்.

இவ்வளவுதான். ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. ரயில்வே காலனியில் மூன்றாவது வரிசை. அவர் வாசலில் உட்கார்ந்து இடது கண்ணுக்கு அருகில் பேப்பரைப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். பூமயில் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தார்.

உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே, குழாயை மாற்றவில்லை என்றேன். சீட்டைப் பற்றியும் லாரியைப் பற்றியும் சொன்னேன். அழக்கூடாது என்று பேருந்திலேயே முடிவு செய்திருந்தேன், அழவில்லை.

அவர் பேப்பரை மடித்தார். மறுபடி விரித்து, இன்னொரு தடவை ஒழுங்காக மடித்தார்.

“ரெண்டு மாசமா நான் என்னையே ஏசிக்கிட்டிருக்கேன்” என்றார். “பாலத்துலயே நிறுத்தியிருக்கணுமோ, கொஞ்சம் பொறுத்திருக்கணுமோன்னு. தூக்கத்துல கூட அதையேதான் ஓட்டிப் பாக்கேன். நீங்க ஆப்பிள் வாங்கிட்டு வந்தப்பவே இதைச் சொல்லியிருக்கலாம்.”

மன்னியுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கிட்டச் சொன்னது போதும். உள்ள போயி அவகிட்டச் சொல்லுங்க. அவதான் தினம் என் தப்புன்னு சொல்லுதா.”

அடுக்களைக்குப் போனேன். பூமயில் முருங்கைக்காயைச் சீவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அண்ணாச்சியிடம் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. அவர் நிமிரவே இல்லை. ஒரு காயை முடித்து, துண்டுகளைச் சட்டியில் போட்டு, கையைச் சேலையில் துடைத்தார்.

“இதை எழுதிக் குடுங்க” என்றார். “வாயால ஏற்கெனவே ஒருக்கச் சொன்னியள்லா, மாத்தியாச்சுன்னு.”

காப்பி கேட்கவில்லை. வாசல் வரை வரவும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

நான்கு பக்கம். விசாரணைக் குழுவுக்கு ஒன்று, மேலதிகாரிக்கு ஒன்று, அண்ணாச்சிக்கு ஒரு நகல். சவரிமுத்துவுக்கு உத்தரவிட்டது நான், அவர் மாற்றச் சொன்னார் என்பதையும் எழுதினேன். அதைப் படித்துக் காட்டியபோது, தான் பேசாமல் இருந்ததையும் சேர்க்கச் சொன்னார். அதை நீங்களே எழுதுங்கள் என்றேன். அவர் எழுதினார்.

கடிதத்தை அனுப்பிய பிறகுதான் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றுவிட்டது. “எங்கிட்டயாவது முதல்ல சொல்லியிருக்கலாம்லா” என்றார். பிறகு எழுந்து போய்க் கை கழுவினார்.

மார்ச் 20, வியாழன்

வீட்டில் பேச்சு குறைவு. துணி காயப்போட்டேன். மழை.

மார்ச் 28, வெள்ளி

முதல் மின்சார ரயில் ஓடியது. மாலை போட்டார்கள், மேளம் அடித்தார்கள். என்னைப் புது வண்டியின் பக்கம் போக வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். டீசல் வண்டிகள் மூன்றும் ஓரத் தண்டவாளத்தில் நிற்கின்றன. ஒன்றை விபத்து மீட்பு வேலைக்கு வைத்துக்கொள்வார்கள், இன்னொன்றில் பேட்டரி வைத்துப் பார்ப்பார்கள் என்று பேச்சு. இரண்டாம் நம்பர் வண்டியைக் கேட்க ஆள் இல்லை.

சவரிமுத்துவின் பெயரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை சேர்த்தது நானில்லை.

ஏப்ரல் 9, புதன்

அண்ணாச்சி மேல் இருந்த குற்றத்தை நீக்கிவிட்டார்கள். தண்டனை ரத்து. பார்சல் அலுவலகம் ரத்தில்லை. போன கண் போனதுதான்.

அங்கே போனேன். ஒரு மூட்டையின் சீட்டை இடது கண்ணருகே பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், சீட்டின் எண்ணை வாசித்து முடித்துவிட்டுத் தலையசைத்தார். அடுத்த மூட்டையை எடுத்தார். நான் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. மகள், “நீ ஜெயிலுக்குப் போவியாம்மா?” என்று கேட்டாள். பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரியாது என்றேன். நான் செய்ததை அவளுக்குப் புரியும்படி முழுவதும் சொன்னேன். “அந்த மாமாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?” என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

குற்றப்பத்திரிகை வந்தது. தொழிற்சங்கத்துக்காரர் வீட்டுக்கே வந்து வாசித்தார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மார்ச் பதினேழுக்குப் பிறகு இன்றுதான் அப்படி உட்கார்ந்தார். நான்கு குற்றச்சாட்டுகள். சீட்டில் தேதி மாற்றியது, சாட்சிப் பொருளை அப்புறப்படுத்தியது, குழுவிடம் பொய் சொன்னது. நான்காவதுதான் முதன்மையானது: ‘பராமரிப்பில் கவனக்குறைவு.’

அந்தச் சொல் அமைந்தது அதிர்ஷ்டம் என்றார் சங்கத்துக்காரர். கவனக்குறைவு என்றால் வேலை போகாமல் தப்பும். வேலைப் பளு, உதிரிப் பொருள் தட்டுப்பாடு என்று காரணம் காட்டலாம். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இவர் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

விரலுக்கு அடியில் அந்தக் குழாய் மெத்தென்று அமுங்கியது, வெடிப்புக்குள் நூல் தெரிந்தது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நான் கவனித்தேன். நன்றாகவே கவனித்தேன்.

முதல் மூன்றுக்கும் எதிரே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதினேன். நான்காவதற்கு எதிரே, ‘கவனக்குறைவு அல்ல. தெரிந்தே விட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.